அழுத பிள்ளைக்கு எழுந்தது யார்?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாம் மேடைதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பஞ்சமி நிலம் பற்றிய கூட்டத்தில் சொல்கிறோம். சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு கொடுக்கப் போகும்போது சொல்கிறோம். கேட்டால்தான் கிடைக்கும், கத்தினால்தான் அதிகாரியின் காதில் விழும் என்பது அதன் பொருள். சரியான பேச்சுதான். ஆனால் இந்தப் பழமொழிக்குள் இன்னொரு ஆள் இருக்கிறாள். பிள்ளை அழுதது, பால் குடித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் பாயிலிருந்து ஒருத்தி எழுந்தாளே, அவளைப் பற்றிப் பழமொழியும் பேசவில்லை, நாமும் பேசியதில்லை.

சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்குப் பார்வதி பொற்கிண்ணத்தில் பால் கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பிள்ளை ஒரே கிண்ணத்தோடு பாட ஆரம்பித்துவிட்டதாம். நம்ம வீட்டுப் பிள்ளைக அப்படி அடங்குறதில்ல. குடிச்ச வாய் காயுறதுக்குள்ள மறுபடி கேக்கும். தோள்ல போட்டாத் தூங்கும், தொட்டியில போட்டா முழிக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் மாரை விடாது. இப்படி நாற்பது நாள், அறுபது நாள். இதைச் சமாளிக்கிற பெண்ணைப் பார்த்து ஊர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்கிறது: பொறுமை. தாய்னா பொறுமை வேணும். அந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் பிள்ளையின் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடுவோம். தாய்ப்பால் குடிக்கிற பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சில பிள்ளைகள் அதற்கும் மேலே போகும். வயிறு சின்னது. தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கிற பால், இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு காலியாகிவிடும். நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிற பிள்ளைதான் அது. ஆனால் துண்டு துண்டாகத் தூங்குகிறது. பகல் எது, ராத்திரி எது என்கிற கணக்கு அதன் உடம்புக்குள் உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையும் என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் எழுதினார்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த குங் மக்களிடம் கானர், வொர்த்மன் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் பால் குடிக்கும் கணக்கை எடுத்து 1980இல் வெளியிட்டார்கள். மணிக்கு நான்கு தடவைபோல, தடவைக்கு இரண்டு நிமிடம்போல அந்தப் பிள்ளைகள் குடித்தன. பிள்ளை தாயின் உடம்போடேயே இருந்தது. மணி பார்த்துப் பால் கொடுப்பது ஆலையும் ஆஸ்பத்திரியும் வந்த பிறகு வந்த பழக்கம். ஆக, ஓயாமல் கேட்கிற பிள்ளை கோளாறான பிள்ளை இல்லை. மனிதப் பிள்ளை அப்படித்தான். அதன் வயிற்றுக்குச் சாதி தெரியாது. மேலத்தெருவில் பிறந்தாலும் காலனியில் பிறந்தாலும் அது கேட்பது ஒன்றுதான்.

தாய் பக்கத்துக்கு வருவோம். பிள்ளை அழுதால் முதலில் விழுகிற பழி அவள் பாலின் மேல்தான். "பால் பத்தல." மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு மதினி சொல்வார், கேட்டுக் கேட்டு அவளே சொல்ல ஆரம்பிப்பாள். உடனே சீனித்தண்ணி, கிரைப் வாட்டர், கடைசியில் டப்பாப் பால். பால் சுரக்கிற கணக்கு எளிமையானது. எவ்வளவு குடிக்கப்படுகிறதோ அவ்வளவு சுரக்கும். மாரில் தேங்கி நின்றால் சுரப்பு குறையும். ராத்திரியில் சுரப்பைத் தூண்டும் நீர் உடம்பில் கூடுதலாக இருக்கும், அதனால் ராத்திரிப் பால் முக்கியம். புட்டி உள்ளே வந்தால் பிள்ளை மாரில் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் பால் குறையும். பால் பத்தல என்ற சொல் இப்படித்தான் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது. முதல் வாரம் தாண்டிய பிள்ளை நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒண்ணுக்குப் போகிறதா, பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீட்டதா என்று பார்த்தால் போதும். பால் குடிக்க எழும்பாமல் துவண்டு கிடந்தால், காய்ச்சல் அடித்தால், ஒண்ணுக்குப் போவது நின்றால், அப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஓயாமல் அழுது ஓயாமல் குடித்து எடை ஏறுகிற பிள்ளைக்கு இருக்கிற ஒரே நோய், அது பிள்ளையாய் இருப்பதுதான்.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் மட்டும் ஒருத்தி தூங்கிவிட முடியுமா? முடியாது. அதற்கு நேரம் வேண்டும், இன்னொரு ஜோடிக் கை வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இந்த இரண்டும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதுதான் விஷயம்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி. இந்த ஊர்களின் காலனிகளில் விடியற்காலை நாலு மணிக்கே அடுப்பு எரியும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பைப் பிடிக்க வேண்டும். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாகக் கேரளத்து மலைக்கு ஏறுகிற ஜீப்புகள். ஒன்றுக்குள் எத்தனை பேர் அடைபடுகிறார்கள் என்பதை, விபத்து நடந்த மறுநாள் பத்திரிகையில் வரும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதில் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு தரையாகக் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும். தையல் பிரித்துக் கொஞ்ச நாளே ஆன உடம்பு அங்கே என்ன பாடுபடும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மருந்து அடித்த செடிக்குள் வேலை செய்த சேலையோடு பிள்ளையைத் தொட முடியாது. வீட்டுக்கு வந்து, குளித்து, அதற்குப் பிறகுதான் பால்.

எங்க பெண்கள் தங்களுக்குள்ள மட்டும் பேசிக்கிற ஒரு விஷயத்தை இங்க எழுதணும். பத்து மணி ஆனா மாரு கட்டிக்கும். கல்லு மாதிரி ஆயிரும், சட்டை நனைஞ்சு ஒட்டும். கங்காணி பாக்காத நேரமாச் செடி மறைவுல ஒதுங்கி, பாலைப் பீச்சித் தரையில விடணும். கீழ வீட்ல பிள்ளை சீனித்தண்ணி குடிச்சிட்டுக் கத்திக்கிட்டுக் கெடக்கும். மேல காட்ல தாய்ப்பால் ஏலச்செடி தூருக்குப் போகும். சாயங்காலம் வந்ததும் பிள்ளை மாரைப் பிடிச்சா விடாது. பகல் பூராவும் காத்துக் கெடந்த கணக்க ராத்திரி பூராவும் தீக்கும். ராத்திரி தூங்காத பிள்ளைன்னு எல்லாரும் சொல்லுவாக. அது பகலெல்லாம் யாருக்காகக் காத்துக் கெடந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாக.

வசதியுள்ள வீட்டில் பேறுகாலம் என்றால் தாய்வீடு, பத்தியம், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு ஆள், துணி துவைக்க ஒரு ஆள். அந்த ஆட்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மற்றவர் வீட்டுத் தீட்டுத் துணியை அலசிய கைகளுக்குத் தன் வீட்டுப் பிரசவத்தில் ஆள் இல்லை. காலனியிலும் தாய்வீடு உண்டு, அம்மாச்சியும் உண்டு. ஆனால் அம்மாச்சியும் கூலிக்காரிதான். அவளும் அதே ஜீப்பைப் பிடிக்க வேண்டும். அப்புறம் யார் தொட்டி ஆட்டுவது? பத்து வயது மூத்த பெண். அவளுடைய பள்ளிக்கூடம் அந்த மாதம் நிற்கும், சில வீடுகளில் அந்த வருசமே நிற்கும். கைக்குழந்தையின் தூக்கத்துக்கு ஒரு சிறுமியின் படிப்பு விலையாகிறது. இதைப் பொறுமை என்று யாரும் சொல்வதில்லை. வீட்டு வேலை என்று சொல்லிவிடுகிறார்கள்.

வேலைக்குப் போகிற தாய் பிள்ளையை அமர்த்த வழி தேடினால் அவள் கெட்ட தாயா? இந்தக் கேள்வி பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் பிள்ளைகளுக்கு அபின் கலந்த ‘காட்ஃப்ரே கார்டியல்’ என்கிற மருந்தைக் கொடுத்தார்கள். 1920களில் பம்பாய் ஆலைப் பெண்களும் அபின் உருண்டையைக் கொடுத்துப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அறியாமை, அலட்சியம், தாய்ப்பாசம் இல்லை என்றெல்லாம் அவர்கள் மேல் பழி போட்டவர்கள் உண்டு. அந்தப் பழிக்கு மார்க்ஸ் மூலதனத்தின் முதல் பாகத்தில் தரும் ஒரு செய்தியே பதில். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் நின்றன. தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள். அங்கே ஆய்வுக்கு அனுப்பப்பட்ட மருத்துவர் எட்வர்ட் ஸ்மித், மற்ற தீமைகளோடு ஒரு நன்மையையும் கண்டார். அபின் மருந்து கொடுக்காமல் மாரில் பால் கொடுக்கத் தாய்மாருக்கு நேரம் கிடைத்திருந்தது. அதே பெண்கள், அதே பாசம், முன்னைவிட அதிகப் பசி. மாறியது நேரம் மட்டும். இதற்குப் பிறகும் தாயின் குணத்தைக் குறை சொல்கிறவர்கள் முதலாளியின் கடிகாரத்தைக் காப்பாற்றப் பேசுகிறவர்கள்தான்.

இந்த விவகாரத்தைத் தாயின் குணத்திலிருந்து எடுத்து நீதியின் பக்கம் வைத்தவர்களில் அம்பேத்கர் முக்கியமானவர். 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அவர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்த விஷயம், ஆகவே அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும், அவளுடைய உழைப்பால் ஆதாயம் அடைகிற முதலாளியும் பங்கு தர வேண்டும் என்பது அவர் வாதம். தாய்மையைப் புகழ்ந்து அவர் நேரத்தைக் கழிக்கவில்லை. ஓய்வுக்கு யார் பணம் கட்டுவது என்று கேட்டார். அடுத்த வருடம், 1929இல், அந்த மாகாணத்தில் சட்டம் வந்தது. ஆனால் ஆலைப் பெண்களுக்கு வந்தது, வயல்காட்டுப் பெண்களுக்கு வரவில்லை.

அந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை. 1961 சட்டம் 12 வாரம் தந்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு அதை 26 வாரம் ஆக்கியது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம் இருக்கிறது. ஆனால் முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு இன்னொரு தோட்டம், நாளன்றைக்கு நாற்று நடவு என்று போகிறவள் எந்த முதலாளியின் பதிவேட்டைக் காட்டுவாள்? தமிழ்நாட்டு அரசு ஊழியராக இருக்கும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு 2011இல் 6 மாதம், 2016இல் 9 மாதம், 2021இல் 12 மாதம் என்று உயர்ந்தது, முழுச் சம்பளத்தோடு. நல்லது. போராடிப் பெற்றது, நம் வீடுகளில் படித்து வேலைக்குப் போன பெண்களுக்கும் கிடைக்கிறது. கூலிக்காரிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018 முதல் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம், 14,000 ரொக்கம். சட்டம் சொல்லும் 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு, அந்த ரொக்கத்தைப் பங்கு போட்டால் நாளைக்கு 77 ரூபாய் முழுசாக வராது. பிள்ளை இருவருக்கும் ஒரே மாதிரிதான் அழுகிறது. ஒருத்திக்கு 365 ராத்திரி சம்பளத்தோடு, இன்னொருத்திக்கு நாளைக்கு 77 ரூபாய். இந்த வித்தியாசத்துக்குத்தான் ஊர் பொறுமை, பொறுமையின்மை என்று பெயர் வைத்திருக்கிறது.

முடியாததைக் கடமை என்று ஒருவர் தலையில் சுமத்த முடியாது என்பது அறவியலில் பழைய விதி. தூங்காமல் கிட, சலிக்காமல் கிட, காலையில் வேலைக்கும் போ என்பது ஒரு உடம்பால் நீண்ட நாள் முடியாதது. முடியாமல் போகிறபோது அவள் உடைகிறாள். காரணமில்லாமல் அழுவாள், பிள்ளையைப் பார்க்கவே மாட்டேன் என்பாள். நம்ம பக்கத்தில் கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கை அடித்துக் குறி கேட்பார்கள். பேய் பிடித்ததாக முடிவாகும். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு ஒரு நோய், மருந்தும் உண்டு, தூக்கமின்மை அதை மோசமாக்கும். பேயை ஓட்டுவதைவிட அவளை நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போவது நல்லது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஈவா ஃபெடர் கிட்டே 1999இல் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அங்கே ‘டூலா’ என்று பெயர். அவள் பிள்ளையைப் பார்க்க வரவில்லை, பிள்ளையைப் பார்க்கிறவளைப் பார்க்க வருகிறாள். இந்த உறவையே சமூக நீதியின் விதியாக்க வேண்டும் என்பது கிட்டேயின் வாதம். தன்னால் பிழைக்க முடியாத உயிரைச் சுமக்கிறவளைத் தாங்குவது சமூகத்தின் கடன். நமக்கு இது புதிதாகத் தெரியாது. பச்ச உடம்புக்காரிக்கு ஆள் வேணும் என்று நம்ம அப்பத்தாமார் சொன்னதுதான். அந்த ஆளுக்கும் கூலி வேண்டும் என்பதைத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணம் ஒருமுறை சட்டத்துக்குள் வந்தது. 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள அங்கிருக்கும் பெண்களில் ஒருத்தியை அமர்த்தி அவளுக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. ஜீப்பில் ஏறி இறங்கும் தினக்கூலிப் பெண்ணின் பிள்ளைக்கு அந்தக் காப்பகத்தால் என்ன பயன்? பிள்ளை பள்ளத்தாக்கில், காப்பகம் மலையில்.

இங்கே நம் பக்கத்துப் பேச்சு ஒன்றையும் பரிசீலிக்க வேண்டும். "எங்க பொம்பளைக வைரம் பாஞ்ச கட்டை. பெத்த மூணாம் நாளே களை எடுப்பாளுக." இதை மிராசுதாரர் சொன்னால் நமக்குச் சூது புரிகிறது. அதையே நாம் பெருமையாகச் சொல்லும்போது கைதட்டு விழுகிறது. தலித் பெண்ணின் உடல் வலிமையைக் கொண்டாடுகிற எழுத்து நம்மிடம் நிறைய உண்டு. வீட்டுக்குள் முடங்கிய மேல்சாதிப் பெண்ணுக்கு எதிராக உழைக்கிற பெண்ணை நிறுத்திக் காட்ட அது தேவைப்பட்டது. ஆனால் மூணாம் நாள் களை எடுத்தவள் ஆசைப்பட்டா எடுத்தாள்? அவளுக்கு முப்பது நாள் ஓய்வு தர யாரும் இல்லை. தாங்குவாள் என்று ஒருத்தியைப் பற்றி ஊர் முடிவு செய்துவிட்டால், அவள் தலையில் எதையும் வைக்கலாம். தாலாட்டுகளைச் சேகரித்துப் புத்தகம் போடுகிறவர்களும், பாடியவள் அன்று எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று ஒரு வரி எழுதலாம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பால் கொடுக்க உங்களால் முடியாது. மற்ற எல்லாம் முடியும். குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க முடியும். ஈரத்துணி மாற்ற முடியும். ரெண்டு மணி நேரம் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியும், அந்த ரெண்டு மணி நேரம் அவள் தூங்குவாள். விடியக்காலை அடுப்பை நீங்கள் பற்றவைக்கலாம். நள்ளிரவு வரை பெண் விடுதலை பேசிவிட்டு வந்து, "ஏன் பிள்ளை கத்திக்கிட்டே இருக்கு, அமத்த மாட்டியா" என்று கேட்கிற தோழர் எந்த விடுதலையைப் பேசினார்? வீட்டுக்குள் ஒருத்தியின் தூக்கம் பங்கிடப்படாமல் வெளியே நிலமும் அதிகாரமும் பங்கிடப்படும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. எந்த முதலாளியின் பதிவேட்டையும் கேட்காமல், கூலி வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் 26 வாரம் குறைந்தபட்சக் கூலி அரசு தர வேண்டும். பெற்றவளைப் பார்க்க வேலையை விட்டு நிற்கிற அம்மாச்சிக்கோ அக்காவுக்கோ முதல் நாற்பது நாளுக்காவது கூலி வேண்டும். பிள்ளைக் காப்பகம் ஜீப் கிளம்புகிற ஊரில், விடியற்காலை நாலு மணிக்குத் திறந்திருக்க வேண்டும். தொட்டி ஆட்ட நின்றுவிட்ட சிறுமி பள்ளிக்குத் திரும்ப வேண்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அடுத்த கூட்டத்திலும் யாராவது பேசுவார்கள். பேசட்டும். அந்த ராத்திரிக்கு எழுந்தவளுக்குக் கூலி என்ன என்பதையும் அதே மேடையில் சொல்லிவிட்டு இறங்கட்டும்.